40, 75, 80: உடலுக்குப் போடும் எண்ணும் உதவித்தொகையும்

அரசு மருத்துவமனைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவக் குழு கூடும் நாளன்று வராந்தாவில் அதிகம் காதில் விழும் கேள்வி, “எத்தனை பர்சன்ட் போட்டாங்க?” என்பதுதான். என்ன நோய், எப்போது வந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். கேட்பவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ஊனமோ நீண்டகால நோயோ உள்ள ஓர் ஏழைக்கு அரசு மாதாமாதம் பணம் தருமா, தந்தால் எவ்வளவு என்பதை இந்தியாவில் அந்த எண்தான் முடிவு செய்கிறது.

முக்கியமான எண்கள் மூன்று. முதலாவது 40. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வகுத்த வரம்பு இது. வேலை ஒதுக்கீடு, உயர்கல்வி ஒதுக்கீடு, பெரும்பாலான மாநில ஓய்வூதியங்கள் எல்லாம் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கும் இதுவே வாசல். அடுத்தது 75. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு இந்த அளவு வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய்ப் பாதிப்பு போன்றவை உள்ளவர்களுக்கு 40 போதும். மூன்றாவது 80. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் இந்த உயரத்தில் நிற்கிறது. 80 சதவீதம் இருந்தாலும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும், வயது 18க்கும் 79க்கும் இடையே இருக்க வேண்டும்.

உடலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கும் எண் இது. அதனால் ஒருவருடைய பிழைப்பு எவ்வளவு குறைந்தது என்பது இதில் வருவதில்லை. உதவித்தொகை தரப்படுவதோ பிழைப்பு குறைந்ததற்காக. அளவுகோலும் நோக்கமும் இப்படிப் பிரிந்து நிற்பதால்தான் விதிப்படி எல்லாம் சரியாக நடந்த பிறகும் மனிதர்கள் கைவிடப்படுகிறார்கள் என்பது என் வாதம்.

எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். கைகால் ஊனத்தை அளக்க மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உள்ளன; 2001இல் ஒன்று, 2018 ஜனவரியில் திருத்தியது, 2024 மார்ச்சில் மீண்டும் திருத்தியது. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். தசையின் வலுவை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். உறுப்பு வெட்டப்பட்டிருந்தால் அட்டவணை ஒன்று இருக்கிறது. எல்லா விரல்களும் போன பாதத்துக்கு 20 சதவீதம், கணுக்காலோடு போனால் 55, முழங்காலுக்குக் கீழே கணுக்காலை ஒட்டி வெட்டியிருந்தால் 60, முழங்காலை ஒட்டி வெட்டியிருந்தால் 70, முழங்காலோடு போனால் 75, முழங்காலுக்கு மேலே போனால் 80, 85 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் இருந்தால் இரண்டையும் கூட்டிவிட மாட்டார்கள். அதற்குத் தனிச் சூத்திரம். பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும்.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பது. பல வருடம் கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய். காலில் புண் வந்து, அழுகி, கணுக்காலுக்குச் சற்று மேலே வெட்டியாகிவிட்டது: 60 சதவீதம். அதே சர்க்கரை ஒரு கண்ணையும் எடுத்துக்கொண்டது. மற்றக் கண் நன்றாகத் தெரிந்தால் ஒரு கண் இழப்புக்கு 30 சதவீதம்தான். அது மட்டும் இருந்திருந்தால் 40ஐத் தொடாது, சலுகையும் கிடையாது. இரண்டையும் சூத்திரத்தில் போடுகிறார்கள். 90இலிருந்து 60 போக 30. அதை 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 10. ஆக மொத்தம் 70 சதவீதம். சாரத்தில் ஏற முடியாத, தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேர் பார்க்கத் தயங்குகிற அந்த மனிதர் 75க்கு 5 குறைந்து நிற்கிறார். பராமரிப்பு உதவித்தொகை இல்லை; மத்திய அரசின் 80 எட்டாத உயரம். அறுவை மருத்துவர் இன்னும் சில அங்குலம் மேலே வெட்ட நேர்ந்திருந்தால் கால் 70 ஆகியிருக்கும், மொத்தம் 76ஐத் தாண்டியிருக்கும், மாதம் 500 ரூபாய் கூடியிருக்கும். அவருடைய வேலையில் அந்தச் சில அங்குலத்தால் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு நிலையிலும் அவர் இனிக் கொத்தனார் அல்லர்.

இதே 60 சதவீதக் கால் ஒரு வங்கி எழுத்தருக்கு இருந்தால்? செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு சில மாதங்களில் மேசைக்குத் திரும்பிவிடுவார், சம்பளம் குறையாது. தனக்குரிய 40 சதவீதச் சலுகைகளையும் பெறுவார். பெறட்டும், அது அவருடைய உரிமை. வருமான வரியின் பழைய முறையில் 40 சதவீத ஊனத்துக்கு 75,000 ரூபாயும், 80 சதவீத ஊனத்துக்கு 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் உள்ளவருக்குத்தான் அது பயன்படும். கொத்தனாருக்கு அந்தக் கழிவால் ஒரு ரூபாய்கூட வராது.

அட்டவணைகளை எழுதிய மருத்துவர்கள் வாழ்க்கையை அறவே மறந்தார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. காலின் உறுதியை அளக்கும் பகுதியில் சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது என ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்தாகச் சதவீதம் பிரித்திருக்கிறார்கள். தரையில் அமர்ந்து சாப்பிடும், குத்துக்காலிட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் நாட்டுக்கென்று யோசித்து எழுதியது அது. ஆனால் அந்தக் கவனம் மருத்துவமனை அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர், கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா, கூட வர ஆள் உண்டா, ஆள் வந்தால் அவருக்கு அன்றைய கூலி போகுமா என்ற கேள்விகளுக்குப் படிவத்தில் இடமில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை நோயாளிகளின் பக்கம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை மட்டும் ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாளணுச் சோகை, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் ஆகியவை அப்போதுதான் உள்ளே வந்தன. பல பெற்றோரின், நோயாளிகளின் நெடிய போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனாலும் சிறுநீரகச் செயலிழப்பு பட்டியலில் இல்லை. புற்றுநோய் இல்லை. இதயச் செயலிழப்பு இல்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் ஒருவருக்கு எந்த முதலாளி வேலை தருவார்? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. அதனால் பல உயிர்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் அங்கே போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும், போன கூலியையும், கூட வந்த மனைவியின் இழந்த நாளையும் காப்பீடு தராது. இந்த நோயாளி மருத்துவக் குழுவின் முன் போய் நின்றால், சிறுநீரகத்துக்கென்று போட அவர்களிடம் எந்த எண்ணும் இல்லை.

சட்டம் இதற்குக் கதவை மூடிவைக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாற்றுத்திறனாளி யார் என்று அதன் 2ஆம் பிரிவு சொல்லும் இலக்கணம் விரிவானது: நீண்டகாலக் குறைபாடு, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க விடாமல் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி. டயாலிசிஸ் நோயாளி இதற்குள் எளிதாக அடங்குவார். நோய்ப் பட்டியல் உள்ள அட்டவணையின் கடைசி வரியிலும், மத்திய அரசு அறிவிக்கும் வேறு வகைகளையும் சேர்க்கலாம் என்றே இருக்கிறது. ஆந்திராவில் அரசு இந்தக் கதவு திறக்கும்வரை காத்திருக்கவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அங்கே மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. ஆட்சி மாறிய பிறகும் அது நிற்கவில்லை. நம் அண்டை மாநிலத்தால் முடிந்தது இது.

மனநோய்க்கு வேறு அளவுகோல். ‘ஐடியாஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்திய மதிப்பீட்டு முறையில் நான்கு தளங்கள்: தன்னைத் தான் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு மேலும் 4 வரை. மொத்தம் 20. அதில் 7 வந்தால் 40 சதவீதம். 6 வந்தால் வரம்புக்குக் கீழே. வேலை என்ற தளத்தைச் சம்பளத்துக்குப் போகிறவர், வீட்டைக் கவனிப்பவர், மாணவர் என்று பிரித்துக் கேட்கும் அளவுக்கு இந்த முறை நுட்பமானது. உடல் ஊன அட்டவணையைவிட இதை நான் மேலானதாகவே மதிக்கிறேன், ஏனென்றால் இது வாழ்க்கையைக் கேட்கிறது.

இங்கேயும் சிக்கல் உண்டு. மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ உள்ளவர் ஒரே நிலையில் இருப்பதில்லை. மருந்து ஒத்துழைக்கும் மாதங்களில் குளித்து, சட்டை மாற்றி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். மதிப்பீட்டுக்கு அழைத்து வருவதே அவர் வெளியே வரும் நிலையில் இருக்கும் நாளில்தான். வீட்டைவிட்டு நகர மறுக்கும் நாளில் யார் அழைத்து வர முடியும்? அம்மா அருகில் உட்கார்ந்து, “போன மாசம் முழுக்க ராத்திரி தூங்கவே இல்லீங்க, கதவைத் திறந்துட்டு ஓடிருவான்” என்று சொல்வதை மருத்துவர் எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து 6ஆகவோ 7ஆகவோ அது முடியும். கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு புள்ளியில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் தொங்குகிறது. சொல்வதற்கு அம்மா இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம்.

இனிப் பணம். மத்தியத் திட்டம் 2009 பிப்ரவரியில் மாதம் 200 ரூபாயோடு தொடங்கியது. 2012 அக்டோபரில் 300 ஆனது. அதன் பிறகு உயரவில்லை. 2012ஆம் ஆண்டை 100 எனக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2025இல் 190ஐக் கடந்திருந்தது. அன்றைய 300 ரூபாயின் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று பொருள். இந்தத் திட்டத்தை உள்ளடக்கிய தேசியச் சமூக உதவித் திட்டத்தில் முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரையும் சேர்த்துச் சுமார் 3.09 கோடிப் பேர் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. தகுதி இருந்தாலும் இடம் காலியானால்தான் புதியவர் உள்ளே போக முடியும். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் இறந்தால்தான் அடுத்தவருக்குப் பணம் என்ற ஏற்பாட்டை எந்த அரசும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தொகையை உயர்த்தச் சொல்லி ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் ஆகிவிட்டது.

மீதியை மாநிலங்கள் தம் கைப்பணத்தைப் போட்டு நிரப்புகின்றன. அதனால் ஒரே ஊனத்துக்கு ஊருக்கு ஊர் விலை மாறுகிறது. பீகாரில் 2025 ஜூன் வரை மாதம் 400 ரூபாய். தேர்தல் நெருங்கிய நிலையில் 1,100 ஆனது. ஆந்திராவில் 2024இல் 6,000 ஆக்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் ஓய்வூதியம் 1,000இலிருந்து 1,500 ஆகவும், பராமரிப்பு உதவித்தொகை 1,500இலிருந்து 2,000 ஆகவும் உயர்ந்தன. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். இங்குள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் ஆந்திர அளவைக் கேட்டுத் தொடர்ந்து போராடுவதில் ஆச்சரியமில்லை.

சட்டத்தின் 24ஆம் பிரிவு இந்த இடத்தில் முக்கியமானது. ஒரு திட்டத்தில் மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் மாதம் 300. அதில் 25 சதவீதம் கூட்டினால் 375. மாற்றுத்திறனாளிக்குக் கிடைப்பதும் அதே 300. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் முதியோர், விதவை ஓய்வூதியங்கள் 1,200 ஆயின. அதில் 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1,500. சட்டம் கேட்ட குறைந்தபட்சத்தைத் தமிழ்நாடு நிறைவேற்றியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. அதே பிரிவு “பொருளாதார வலிமைக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு” என்ற சொற்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அரசுகள் ஒதுங்கிக்கொள்ள அந்த வழி போதும். உயர் ஆதரவு தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்பவருக்குப் படி, இரண்டு வருடத்துக்கு மேல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பவருக்கு வேலையில்லாப் படி ஆகியவற்றையும் இதே பிரிவு பேசுகிறது. காகிதத்தில் இருப்பவை கைக்கு வர வேண்டும்.

வறுமைக்கோட்டு விதி இன்னொரு வகையில் தவறு. அது குடும்பத்தைப் பார்க்கிறது, குடும்பத்துக்குள் இருக்கும் ஆளைப் பார்ப்பதில்லை. தண்டுவடம் முறிந்த ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய், டயப்பர், படுக்கைப் புண்ணுக்கு மருந்து, எங்கே போவதென்றாலும் ஆட்டோ. ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில், இந்தச் செலவு உள்ள வீடு உண்மையில் ஏழை வீடு. கணக்கெடுப்பு அப்படிச் சொல்லாது. வேலைக்குப் போகும் தம்பியின் சம்பளத்தைக் காட்டி அண்ணனின் ஓய்வூதியத்தை மறுத்தால், அந்த அண்ணன் தன் சோப்புக்கும் சவரத்துக்கும்கூடத் தம்பி முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் சதவீதத்தைத் தூக்கிவிட்டு, என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்து அளந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டனின் அனுபவம் எச்சரிக்கிறது. அங்கே 2008 முதல் நோயாளிகளின் வேலைத்திறனைப் புள்ளி போட்டு மதிப்பிடுகிறார்கள். பொதுவாக 15 புள்ளி வந்தால்தான் வேலை செய்ய இயலாதவர். 2013இல் வந்த ‘பிஐபி’ உதவித்தொகையில் சமைப்பது, உண்பது, குளிப்பது, உடுத்துவது போன்ற செயல்களுக்குப் புள்ளிகள். 8 வந்தால் ஒரு தொகை, 12 வந்தால் கூடுதல் தொகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதிப்பீட்டைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள், செலவைக் குறைப்பதே நோக்கமாயிற்று. நடக்க முடியாதவர் என்பதற்கான முந்தைய 50 மீட்டர் அளவு புதிய திட்டத்தின் கூடுதல் தொகைக்கு 20 மீட்டராகச் சுருங்கியது. 2010 முதல் 2013 வரை இங்கிலாந்தில் நடந்த மறுமதிப்பீடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றோடு தொடர்புடையதாக 590 கூடுதல் தற்கொலைகளைக் கணக்கிட்டது. 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, அங்கே கடுமையான அல்லது திட்டமிட்ட உரிமை மீறல்கள் நடந்தன என்றது. 2025 ஜூலையில் ‘பிஐபி’ விதிகளை மேலும் இறுக்க முயன்ற அரசு, சொந்தக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பால் அந்தப் பகுதியைக் கைவிட்டது. நோயுற்றவர்களுக்கான வேறொரு கூடுதல் தொகையைப் புதிதாக வருபவர்களுக்குக் குறைக்கும் சட்டத்தை மட்டும் நிறைவேற்றிக்கொண்டது.

நம் பக்கத்திலும் அதன் சாயல் தெரிகிறது. 2025இல் ஆந்திரா தன் உயர்ந்த ஓய்வூதியங்களைப் பெறுபவர்களை மறுபரிசோதனைக்கு அழைத்து, பலருக்குத் தகுதியில்லை என்று நோட்டீஸ் அனுப்பியது. போலிச் சான்றிதழ்கள் இருக்கவே செய்கின்றன, பிடிக்க வேண்டியதுதான். ஆனால் உண்மையான ஊனத்தோடு பத்து வருடமாக வாழ்பவர் மறுபடியும் வரிசையில் நின்று தன் காலைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்பது அவமானம். எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்க வேண்டியிருந்தது. எந்த அளவுகோலாக இருந்தாலும், சந்தேகம் வந்தால் விண்ணப்பதாரரின் பக்கம் சாய வேண்டும் என்ற விதி அதில் இல்லாவிட்டால் அது வடிகட்டியாகவே முடியும்.

உச்ச நீதிமன்றம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள தேர்வருக்குச் சொல்வதை எழுதும் உதவியாளரை மறுக்க 40 சதவீத வரம்பைக் காரணம் காட்டக் கூடாது என்றது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு மாணவரை மருத்துவப் படிப்பிலிருந்து விலக்க முடியாது, அவரால் என்ன செய்ய முடியும் என்று மருத்துவக் குழு ஆராய்ந்து காரணத்தோடு எழுத வேண்டும் என்றது. தேர்வுக்கும் கல்லூரிக்கும் எண் மட்டும் போதாது என்றால் சோற்றுக்கு மட்டும் எப்படிப் போதும்? 70 சதவீதக் கொத்தனாரின் கோப்பில் “இவர் தன் தொழிலைச் செய்ய இயலாதவர்” என்று ஒரு வரி எழுத மருத்துவக் குழுவுக்கு அதிகாரம் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். 75இல் ஒரேயடியாக 500 ரூபாய் ஏறுவதற்குப் பதில் 40இலிருந்து படிப்படியாகத் தொகை ஏறினால், ஓரிரு சதவீதத்துக்காக மருத்துவரிடம் கெஞ்சும் நிலையும் குறையும்.

அதுவரை, வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். சதவீதம் குறைவு என்று திருப்பி அனுப்பினால், அந்த எண் எந்த அளவீடுகளிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய சட்டத்தின் 59ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். இந்த உரிமை இருப்பதே தெரியாமல் பலர் முதல் மறுப்போடு திரும்பிவிடுகிறார்கள்.

பெரிய மாற்றங்களுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சிறுநீரகச் செயலிழப்பைப் பட்டியலில் சேர்க்க மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும். 300 ரூபாயை உயர்த்தி விலைவாசியோடு இணைக்க மத்திய அமைச்சரவையின் ஒரு முடிவு போதும்.